கட்லா மட்டும் மெலிகிறது, தீவனத்தில் என்ன கோளாறு?

கன்னடியன்கால்:
சேரன்மாதேவி பக்கம் 50 சென்ட் பண்ணைக்குட்டை, ஐந்தடி தண்ணீர். கட்லா, ரோகு, மிர்கால் சேர்த்து 1,500 மீன், சராசரி 200 கிராம். தினமும் விடிந்ததும் கடலைப் பிண்ணாக்கும் தவிடும் சரிபாதி கலந்து 15 கிலோ, கரையில் நின்று தூவுகிறேன். மிர்கால் நன்றாகத் தேறுகிறது. கட்லாவுக்குத் தலை பெருத்து முதுகு கத்தி மாதிரி இருக்கிறது. இன்னொன்று, பிசான நெல் பருவத்துக்கு வயலில் புல் கெண்டை விட்டால் களை தீருமா?

ஓடைக்கரை:
அண்ணாச்சி, கட்லாவின் வாயைப் பாருங்கள், மேல்நோக்கித் திறக்கும். மேல்தண்ணீரில் மிதக்கும் நுண்ணுயிர்களை வடிகட்டித் தின்னும் மீன் அது. மிர்காலுக்கு வாய் கீழே, சேற்றில் மட்கியதை மேயும். ரோகு நடுத்தண்ணீரில் பாசியும் அழுகிய இலைதழையும் தின்னும். நீங்கள் தூவுவதில் பெரும்பகுதி அடியில் இறங்கி மிர்காலுக்கே போகிறது.

கட்லாவுக்குத் தண்ணீரைத்தான் விளைய வைக்க வேண்டும். வாரம் 40 கிலோ பச்சைச் சாணத்தைக் கரைத்துக் குட்டை முழுக்கத் தெளியுங்கள். முழங்கை வரை கையை முக்கினால் உள்ளங்கை மங்கி மறைய வேண்டும். பளிச்சென்று தெரிந்தால் சத்து போதாது. மணிக்கட்டளவிலேயே மறைந்தால் சாணத்தை நிறுத்திவிடுங்கள். வெள்ளிக் கெண்டை விட்டிருந்தால் அதுவும் மேல்தண்ணீர் இரைக்குப் போட்டிதான்.

தொழிவயல்:
15 கிலோ அதிகம். 1,500 உருப்படி, 200 கிராம் என்றால் மொத்தம் 300 கிலோ மீன். 3 சதவீதம் போதும், 9 கிலோ. மிஞ்சுவது அடியில் அழுகி மூச்சுக்காற்றைத் தின்றுவிடும்.

தூவுவதை விட்டுவிடுங்கள். பிண்ணாக்கை முதல்நாள் இரவே ஊறப்போட்டு, காலையில் தவிட்டோடு பிசைந்து, அடிப்பாகத்தில் சிறு ஓட்டை போட்ட உரச்சாக்கில் நிரப்பி, மூங்கிலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள். நான்கைந்து இடத்தில் பிரித்துக் கட்டினால்தான் சின்ன மீனுக்கும் கிடைக்கும். இரண்டு மணி நேரம் கழித்தும் சாக்கில் மிச்சம் இருந்தால் மறுநாள் குறையுங்கள். விடிந்ததும் வைக்காதீர்கள், அப்போதுதான் தண்ணீரில் காற்று மிகக் குறைவு. வெயில் ஏறட்டும்.

ஓடைக்கரை:
புல் கெண்டையை வயலில் விடவே வேண்டாம், நெல்லையும் கடித்துவிடும். குட்டையில் 50 விடுங்கள். வரப்புப் புல்லை அறுத்து, மூங்கில் சட்டத்துக்குள் மிதக்கவிட்டால் தின்று கழிக்கும். அந்தக் கழிவே தண்ணீருக்கு உரம், கட்லாவுக்கு இரை.

வயலுக்குச் சாதா கெண்டையும் ரோகுவும் போதும். நட்டு 15 நாள் கழித்து, வேர் பிடித்தபின் விடுங்கள். சாதா கெண்டை புழுவுக்காகச் சேற்றைக் கிளறும், இளம் நாற்று சாய்ந்துவிடும். வயலில் பத்தில் ஒரு பங்குக்கு இரண்டடி ஆழத்தில் வாய்க்கால் வெட்டி, மடையில் வலை கட்டுங்கள். குருணையாக வரும் பூச்சிமருந்து போடும் வயலில் மீன் பிழைக்காது.

கன்னடியன்கால்:
ஐப்பசி அடைமழையிலும் சாணம் தெளிக்கலாமா?

தொழிவயல்:
மூட்டமாக இருக்கும் நாளில் சாணமும் வேண்டாம், தீவனமும் வேண்டாம். வெயில் இல்லாமல் பாசி காற்று விடாது. விடியக்காலையில் மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் உடனே மோட்டாரைப் போட்டுப் புதுத்தண்ணீரை உயரத்திலிருந்து விழ விடுங்கள். இரண்டு நாள் பட்டினி கிடந்தால் மீனுக்கு ஒன்றும் ஆகாது.