வென்றவர் பெயர் இல்லாத கண்காட்சிப் பதக்கம்: தொகுப்பில் சேர்க்கலாமா?

விளிம்புநோக்கி:
வென்றவர் பெயர் இல்லாத பதக்கத்தைப் ‘பரிசுப் பதக்கம்’ என்று விற்பதையும் வாங்குவதையும் நிறுத்த வேண்டும், இதுதான் என் கட்சி. 1851இல் லண்டனில் நடந்த பன்னாட்டுத் தொழில் கண்காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். நடுவர்கள் தேர்ந்தவருக்குப் போன பதக்கத்தின் விளிம்பில் அவர் பெயரும் பிரிவும் பொறித்திருக்கும். பொருள் வைத்த எல்லோருக்கும் கொடுத்த பதக்கம் வேறு. இரண்டுமே வெண்கலம். விளிம்பைப் பார்க்காதவருக்கு எதுவானாலும் ‘விருது’தான்.

சிற்பநேசன்:
இதை ஒப்புக்கொள்ள மாட்டேன். 1893 சிகாகோ கண்காட்சிப் பதக்கத்தின் முன்பக்கம், கரையிறங்கும் கொலம்பஸ், சிற்பி அகஸ்டஸ் செயின்ட்-காடன்ஸ் வடித்தது. பின்பக்கத்துக்கு அவர் செய்த ஆடையில்லா இளைஞன் உருவத்துக்கு எதிர்ப்புக் கிளம்பியதால் அது அமெரிக்க நாணயச்சாலைச் செதுக்குநர் சார்ல்ஸ் பார்பர் கைக்குப் போனது. ஒரே பதக்கத்தில் இரண்டு கைகள்! இதை ரசிக்க, பதக்கம் வென்ற எந்தக் கம்பெனியின் பெயர் வேண்டும்?

விளிம்புநோக்கி:
சிகாகோவுக்குத்தான் பெயர் கட்டாயம் வேண்டும். அங்கே தங்கம், வெள்ளி என்ற தரமே கிடையாது. வென்ற எல்லோருக்கும் ஒரே வெண்கலம். எதற்காகக் கொடுத்தார்கள் என்பது சான்றிதழில்தான் இருக்கும், அதோடு பதக்கத்தைச் சேர்ப்பது பெயர்தான். அச்சில் பெயர்த் துண்டை மாற்றி மாற்றிச் செருகி அடித்ததால் எழுத்து புடைத்து நிற்கும். குழிந்திருந்தால் பிறகு யாரோ செதுக்கியது. விரலால் தடவினாலே தெரிந்துவிடும்.

பழந்தடம்:
நடுவில் நுழைகிறேன். பாரிஸ் பதக்கங்களில் பெயரை மட்டும் நம்பாதீர்கள். பாரிஸ் நாணயச்சாலை 1860 முதல் 1880 வரை விளிம்பில் தேனீ முத்திரை குத்தியது. அதற்குப் பிறகு பழம் நிறைந்த கொம்பு. 1867 என்று போட்ட பதக்கத்தில் கொம்பு இருந்தால், பெயர் எவ்வளவு அழகாக இருந்தாலும் அது பின்னாளில் அடித்ததுதான்.

சிற்பநேசன்:
பாருங்கள், பெயர் தனியாக எதையும் நிரூபிக்கவில்லை. இந்தப் பெயர் மோகத்தால் வேறொரு கேடும் வந்திருக்கிறது: எழுத்து தெளிவாகத் தெரியட்டும் என்று பாலிஷ் போட்டுத் தேய்க்கிறார்கள். அந்தப் பழுப்பு நிறம் அழுக்கு அல்ல, பதக்கம் செய்தபோதே வேண்டுமென்று ஏற்றிய பூச்சு. போனால் போனதுதான். அப்படித் தேய்த்த பெயருள்ள பதக்கத்தைவிட, மேனி கெடாத பெயரற்ற பதக்கமே எனக்கு மேல்.

விளிம்புநோக்கி:
தேய்ப்பதைப் பற்றி நீங்கள் சொன்னது நூற்றுக்கு நூறு. விளக்கைச் சாய்த்துப் பிடித்தாலே எழுத்து தெரியும், துணியே தேவையில்லை. பெயரற்றதைக் கலைக்காக வாங்குங்கள், நான் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் ‘பரிசு’ என்று போட்டு விற்பவர் இரண்டு பக்கங்களோடு விளிம்பையும் சுற்றிப் படமெடுத்துக் காட்டட்டும். காட்டாதவரிடம் நான் விலையே கேட்பதில்லை.