கஜா புயலுக்குப் பிறகு அப்பா தோப்புக்கே போவதில்லை, என்ன செய்யலாம்?

தென்னந்தோப்பு மகள்:
எங்கள் ஊர் பேராவூரணிப் பக்கம். 2018 நவம்பர் 16 விடிந்தபோது தாத்தா வைத்த நெட்டை மரங்களில் பாதி வேரோடு சாய்ந்தும் மீதி நடுவில் முறிந்தும் கிடந்தன. அப்பாவுக்கு அப்போதே அறுபதை நெருங்கும் வயது. அன்றிலிருந்து திண்ணைதான். தட்டில் போட்ட சோறு பாதி அப்படியே இருக்கும், ராத்திரி தூக்கமில்லை. பக்கத்துத் தோப்புச் சித்தப்பாவும் அதே காற்றில் எல்லாம் இழந்தவர், ஆனால் உடனே கன்று வைத்தார், இப்போது காய் வெட்டுகிறார். "அவன் எழுந்துட்டான், உன் புருஷன் உட்கார்ந்துட்டான்" என்று ஊரார் அம்மாவின் முகத்துக்கு நேராகவே சொல்கிறார்கள். எழுவதும் உட்காருவதும் அவரவர் முடிவுதானா?

வேதாரண்யத்தான்:
என்னைக் கேட்டால் முடிவுதான். எங்களுக்கு மா, முந்திரி, சவுக்கு எல்லாம் போச்சு, கரண்ட் வரவே வாரக்கணக்கானது. விழுந்த மரங்களுக்கு நடுவிலேயே அம்மா கத்தரி நட்டார். யாராவது வந்து தூக்கிவிடுவார்கள் என்று காத்திருந்தால் அப்படியே கிடக்க வேண்டியதுதான்.

ஒரத்தநாடு விவசாயி:
நண்பரே, உங்கள் அம்மாவைக் கும்பிடலாம், ஆனால் கத்தரி சில மாதத்தில் காய்க்கும், நெட்டைத் தென்னை காய்க்க ஆறேழு வருஷம் ஆகும். அரசு தந்தது மரத்துக்கு 600, வெட்டி அப்புறப்படுத்த 500, ஆக 1,100 ரூபாய். அப்புறப்படுத்தாமல் விட்டால் மட்கிய மரத்தில் காண்டாமிருக வண்டு பெருகி, புதுக்கன்றின் குருத்தையே குடைந்துவிடும். நகைக்கடனோடு அறுபதை நெருங்குகிறவரும், வெளிநாட்டிலிருந்து மகன் பணம் அனுப்பும் வீட்டுக்காரரும் ஒரே இடத்திலிருந்தா முடிவெடுக்கிறார்கள்? என் அப்பா தென்னையே வேண்டாம் என்று உளுந்தும் ஆடுமாக மாறினார். தோப்பைக் கைவிட்டவர் என்று ஊரில் பேசினார்கள். எனக்கு அதுவும் எழுந்ததுதான். முடிவு என்று ஒன்று இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை, ஆனால் அது ஆளுக்கு ஆள் ஒரே அளவில் கிடைப்பதில்லை.

கிராமச் செவிலியர்:
தங்கச்சி, வருஷக்கணக்கில் சாப்பாடும் தூக்கமும் இல்லையென்றால் அது சோம்பலோ பிடிவாதமோ இல்லை, மனச்சோர்வு நோயாக இருக்கலாம், மருந்து உண்டு. எழுந்திரு எழுந்திரு என்று யாரும் நச்சரிக்க வேண்டாம். "வாழவே பிடிக்கலையாப்பா?" என்று பக்கத்தில் உட்கார்ந்து நேராகக் கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. வீட்டில் பூச்சிமருந்து இருந்தால் இன்றைக்கே வெளியேற்றுங்கள், இதைத் தள்ளிப்போடாதீர்கள். 14416 டெலிமானஸ், அரசின் மனநல உதவி எண், இலவசம், தமிழிலேயே பேசலாம், எந்த நேரமும் எடுப்பார்கள். மனநல டாக்டர் என்றால் வரமாட்டார், தூக்கத்துக்கு என்று சொல்லி அழைத்துப் போங்கள்.

தென்னந்தோப்பு மகள்:
அக்கா, மாட்டுக்கொட்டகைப் பரணில் இரண்டு டப்பா இருந்தது, சித்தப்பா வீட்டுக்குக் கொடுத்தனுப்பிவிட்டேன். அண்ணே, நீங்கள் சொன்னது சரிதான், சித்தப்பா மகன் சிங்கப்பூரில் இருக்கிறான், எங்களுக்கு அப்போது கடன் மட்டும்தான். அப்பாவிடம் கேட்டேன். பதில் சொல்லவில்லை, ஆனால் எழுந்தும் போகவில்லை. தூக்கத்துக்கு என்றதும் வருகிறேன் என்றார். தஞ்சை மெடிக்கல் காலேஜில் காலையில் எத்தனை மணிக்குச் சீட்டுப் போட வேண்டும், தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.