கார்ல புது பாட்டு செட் போட்டதுல லெஃப்ட் ரைட் மாறிப் பாடுது, பேஸும் இல்ல. அவசரம்

ஒத்தக்கடை_கார்:
அண்ணே வணக்கம். ஆண்ட்ராய்டு செட் ஒன்னு நானே மாட்டுனேன், வீடியோ பாத்துத்தான். பேலன்ஸை லெஃப்ட்ல தள்ளுனா பாட்டு ரைட் டோர்ல வருது. பேஸ் செத்துப்போச்சு. பழைய செட்டுல ரெண்டும் நல்லா இருந்துச்சு. நாளைக்குக் காலைல குலதெய்வம் கோயிலுக்குக் கெளம்பணும், வெரசா சொல்லுங்க.

மேலூர்_ஒயரிங்:
என்ன வண்டி? கப்ளர்ல (ஒயர் சொருகுற பிளக்) மாட்டுனீங்களா, ஒயரை வெட்டி முறுக்குனீங்களா? தனி ஆம்ப்ளிஃபயர் இருக்கா? பின் ஸ்பீக்கரும் மாறித்தான் பாடுதா, முன்னாடி மட்டுமா?

சத்தம்_போதும்:
எர்த்து சரியில்ல. ஸ்பீக்கர் மைனஸ் நாலையும் ஒன்னா சேத்து பாடில ஒரு போல்ட்ல கட்டுங்க. எல்லாம் சரியாகும்.

டெசிபல்_பெருசு:
யாரும் அதைச் செஞ்சு தொலைக்காதீங்க. இப்ப வர்ற செட்ல ஸ்பீக்கர் மைனஸ் எர்த்து கெடையாது. பிளஸ், மைனஸ் ரெண்டு ஒயர்லயுமே பாடிக்கு ஏறக்குறைய 6 வோல்ட் நிக்கும். பாடில வச்சா ஐசி, அதான் செட்டுக்குள்ள இருக்க ஆம்ப் சிப், போயிரும். இதை இங்க எத்தனை தடவை எழுதுறது? மல்டிமீட்டர் வாங்க மாட்டாக, டேஷ்போர்டை மட்டும் கழட்டிருவாக.

சரி, எழுதிக்கிருங்க. வெள்ளை முன் இடது, சாம்பல் முன் வலது, பச்சை பின் இடது, ஊதா பின் வலது. கருப்புக் கோடு போட்டது மைனஸ். இது செட்டோட வர்ற ஒயருக்கு மட்டும். வண்டி ஒயர் கலர் கம்பெனிக்குக் கம்பெனி வேற.

ஒத்தக்கடை_கார்:
ஸ்விஃப்ட். ஆம்ப் இல்ல. வெட்டித்தான் முறுக்குனேன். பின்னாடியும் மாறித்தான் இருக்கு. வீடியோல டிரைவர் சைடு வெள்ளையும் பச்சையும்னு சொன்னான்ணே.

மேலூர்_ஒயரிங்:
அமெரிக்கா வீடியோவா? அங்க டிரைவர் உக்காருறது இடது பக்கம். நம்ம டிரைவர் டோர் வலது. அம்புட்டுத்தான் விஷயம். வெள்ளை ஜோடியையும் சாம்பல் ஜோடியையும் இடம் மாத்துங்க, பச்சையையும் ஊதாவையும் அதேமாதிரி. ஜோடி பிரியக்கூடாது.

சந்தேகம்னா செட் கப்ளரைக் கழட்டிட்டு, வண்டிப் பக்கத்து ஜோடில ஒரு 1.5 வோல்ட் டார்ச் செல்லைச் சும்மா தொட்டுத் தொட்டு எடுங்க. எந்த டோர்ல 'டப்பு'னு கேக்குதோ அந்த ஜோடி அந்த டோருக்கு. செட் மாட்டியிருக்கப்ப தொடாதீங்க. மீட்டர் இருந்தா 200 ஓம்ஸ்ல வச்சா ஜோடிக்குள்ள 4-க்குக் கொஞ்சம் கீழ காட்டணும், ஒயருக்கும் பாடிக்கும் எதுவுமே காட்டக்கூடாது.

சத்தம்_போதும்:
செல் எதுக்கு, பேட்டரில இருந்து நேரா ஒரு ஒயர் இழுத்துத் தொட்டா போதுமே.

சாலிடர்_புகை:
12 வோல்ட்டை 4 ஓம்ஸ்ல விட்டா 3 ஆம்பியர், 36 வாட் நேர் கரண்ட். கை கொஞ்சம் நின்னா காயில் கருகும். செல்லுன்னா அரை ஆம்பியர்கூட வராது.

பேஸுக்கு வர்றேன். ஏதோ ஒரு ஸ்பீக்கர்ல பிளஸ் மைனஸ் திரும்பியிருக்கு. ஒரு கோன் வெளிய தள்ளுறப்ப இன்னொன்னு உள்ள இழுக்கும், பேஸ் ஒன்னையொன்னு அடிச்சுக்கிரும். ஃபேடரை (முன் பின் ஸ்பீக்கருக்குச் சத்தத்தைப் பிரிக்கிற செட்டிங்) முழுசா முன்னாடி தள்ளி, பழைய மோனோ பாட்டு, அதாவது லெஃப்ட் ரைட் ரெண்டுலயும் ஒரே சத்தம் வர்றது, ஒன்னு போடுங்க. பேலன்ஸ் ஓரத்துல இருக்கப்ப பேஸ் இருந்து, நடுவுக்கு வந்தா மெலிஞ்சா அந்த ஜோடில ஒன்னு தலைகீழ். ஒரு ஸ்பீக்கர்ல மட்டும் ரெண்டு ஒயரையும் மாத்துங்க. ரெண்டையும் மாத்துனா பழைய கதைதான். பின்னாடியும் இதேதான். கடைசியா ஃபேடரை நடுவுல வச்சு முன்னும் பின்னும் ஒத்துப்போகுதான்னு பாருங்க.

டெசிபல்_பெருசு:
மோனோ பாட்டை வச்சு லெஃப்ட் ரைட் எப்படிப் பாப்பீக?

சாலிடர்_புகை:
பேஸுக்குத்தானய்யா மோனோ சொன்னேன். லெஃப்ட் ரைட் பாக்க ஸ்டீரியோ டெஸ்ட் ஃபைல்.

டெசிபல்_பெருசு:
ஃபோன்ல இருந்து போட்டா மொதல்ல செட்டிங்ஸ்ல மோனோ ஆடியோ ஆஃப்ல இருக்கான்னு பாக்கச் சொல்லணும். ஆன்ல இருந்தா எந்த ஃபைல் போட்டாலும் நாலு டோரும் ஒன்னாத்தான் பாடும்.

சத்தம்_போதும்:
டிரைவர் ஒரு ஓரத்துல உக்காந்திருக்காரு. காருக்கு ஸ்டீரியோ எதுக்குங்கிறேன்?

டெசிபல்_பெருசு:
அப்ப ஒரு டோர் ஸ்பீக்கரை எனக்குக் கழட்டிக் குடுங்க.

சாலிடர்_புகை:
அதுக்குத்தான் செட்ல டைம் அலைன்மென்ட் இருக்கு. பக்கத்து ஸ்பீக்கரைக் கொஞ்சம் லேட்டாப் பாட வைக்கும். சத்தம் போற வேகத்துக்கு 1 மில்லி செகண்ட்னா 34 சென்டிமீட்டர். டேப் வச்சு அளந்து போடலாம். ஆனா பொலாரிட்டி (பிளஸ் மைனஸ்) தப்பா இருந்தா அதுல என்ன திருகியும் பிரயோஜனம் இல்ல.

ஒத்தக்கடை_கார்:
அண்ணே மாத்திட்டேன், லெஃப்ட் ரைட் சரியாயிருச்சு. முன்னாடி பேஸும் வந்துருச்சு, ரைட் டோர்லதான் பிளஸ் மைனஸைத் தலைகீழா மாட்டியிருந்திருக்கேன். பின்னாடி கோயிலுக்குப் போயிட்டு வந்து பாக்குறேன். ரொம்ப நன்றி.

மேலூர்_ஒயரிங்:
முறுக்குன எடத்துல சாலிடர் வச்சு ஸ்லீவ் போட்டீங்களா? வெறும் டேப்புன்னா நம்ம வெயிலுக்குப் பசை இளகி உரிஞ்சுக்கிரும். உள்ள ரெண்டு ஒயர் ஒன்னையொன்னு தொட்டா ஐசிக்கு ஆபத்து. கெளம்புறதுக்கு முன்னாடி அதை மட்டுமாவது பாருங்க.

மேலூர்_ஒயரிங்:
தம்பி, பாத்தீங்களா?