ஒரு ஹைபானெட், இரண்டு என்ஜின்: பழைய ஜீப்பை மீட்டவர்கள் சொல்லுங்கள்

ஹைபானெட் (ஹலசூரு):

என் ஜீப்புக்கு இரண்டு என்ஜின். ஒன்று வண்டிக்குள் இருக்கிறது, இன்னொன்று மாடிப்படிக்குக் கீழே சாக்குப் போட்டு மூடிக் கிடக்கிறது. எதை வைத்துக்கொள்வது என்று எட்டு மாதமாக முடிவெடுக்க முடியவில்லை. வீட்டில் திட்டு தாங்காமல்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

வண்டி மஹிந்திரா சிஜே-3பி, ஆர்சி புத்தகத்தில் 1967. குடகில் ஒரு காபி எஸ்டேட் கொட்டகையில் மிளகு மூட்டைகளுக்கு நடுவே நின்றிருந்தது. தரைத் தகட்டில் கால் வைத்தால் கீழே மண் தெரிந்தது. ஸ்பிரிங் பட்டைகள் ஒன்றோடொன்று துருப்பிடித்து ஒரே கட்டையாக இறுகிக் கிடந்தன. கூடாரத் துணியை எலி தின்றது போக மீதிதான் இருந்தது. சும்மா ஸ்டியரிங்கைப் பிடித்துத் திருப்பினேன், முன்சக்கரம் முனகிக்கொண்டே திரும்பியது. அதற்குமேல் நான் பேரம் பேசவில்லை.

இந்த வண்டிக்கு ஹைபானெட் என்று ஏன் பெயர் என்று புதியவர்கள் கேட்பார்கள். யுத்தகால ஜீப்பைச் செய்த அமெரிக்க வில்லிஸ் கம்பெனியின் என்ஜினில் வால்வு எல்லாம் பக்கவாட்டில் பிளாக்குக்குள்ளேயே இருக்கும். அடுத்து வந்த ஹரிகேன் என்ஜினில் இன்டேக் வால்வுகளை மேலே ஹெட்டுக்குக் கொண்டுபோனார்கள். என்ஜின் உயரமாகிவிட்டது, பழைய பானெட்டுக்கு அடியில் நுழையவில்லை. சரி என்று பானெட்டைத் தூக்கிவிட்டார்கள். 1953இல் அமெரிக்காவில் நடந்தது இது. அழகுக்காக யாரும் அந்த நெற்றியை வரையவில்லை. இன்று ஞாயிற்றுக்கிழமை கப்பன் பார்க் பக்கம் நிறுத்தினால் அந்த நெற்றியோடுதான் எல்லாரும் செல்ஃபி எடுக்கிறார்கள்.

என் வண்டியில் வேடிக்கை என்னவென்றால், எந்த என்ஜினுக்காக பானெட்டைத் தூக்கினார்களோ அந்த என்ஜின் உள்ளே இல்லை. எஸ்டேட்காரர் எண்பதுகளில் பெட்ரோல் கட்டுப்படியாகாமல் பூஷோ டீசலை இறக்கியிருக்கிறார், மஹிந்திராவின் எம்எம்540 ஜீப்பில் வந்த அதே 2112 சிசி. ஆர்சியிலும் முறையாக டீசல் என்று மாற்றியிருக்கிறார். மூன்று வருடம் டிங்கரிங், பட்டி, பெயின்ட், பிரேக், வயரிங் எல்லாம் முடித்தேன். அப்புறம் சிவாஜி நகரில் என் மெக்கானிக் பாய் ஒரு நாள் போன் செய்து, "சார், ஹரிகேன் பிளாக் ஒண்ணு வந்திருக்கு, கிராக் இல்ல, வேணுமா?" என்றார். வேண்டாம் என்று சொல்லும் மனசு எவனுக்கு இருக்கும்?

இப்போது சிக்கல். 2021 ஜூலையில் வந்த மத்திய விதிப்படி 50 வயது தாண்டிய வண்டியை வின்டேஜ் என்று பதிவு செய்யலாம். கட்டணம் 20,000 ரூபாய், நம்பர் பிளேட்டில் 'விஏ' என்ற எழுத்து வரும். ஆனால் வண்டி அதன் அசல் வடிவில் இருக்க வேண்டும், பெரிய மாற்றம் எதுவும் செய்திருக்கக் கூடாது. கண்காட்சி, ராலி, எரிபொருள், பராமரிப்பு இதற்கெல்லாம் ஓட்டலாம், தினசரி ஓட்டத்துக்கு இல்லை. அதாவது மார்க்கெட் போய்க் கறிவேப்பிலை வாங்கி வர முடியாது. டீசலோடு வைத்துக்கொண்டால் ஓட்டலாம், ஆனால் வின்டேஜ் கிடையாது. எஃப்சிக்கும் நடக்க வேண்டும், 20 வயது தாண்டிய காருக்குப் பதிவுப் புதுப்பிப்புக் கட்டணத்தை 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாயாக ஏற்றினார்கள்.

நீங்கள் என்ன செய்தீர்கள்? மீட்டது மட்டும் இல்லை, பழைய பெயரோடு புதிதாக வந்த வண்டிகளில் ஏறிப் பார்த்ததையும் எழுதுங்கள்.

ஜிப்சி கிங் (மர்ஃபி டவுன்):

அண்ணா, நான் சின்னக் கதை சொல்கிறேன். 1998 மாருதி ஜிப்சி, 1.3 லிட்டர். முன்னும் பின்னும் ரிஜிட் ஆக்ஸில், அதாவது இடது வலது சக்கரத்தை ஒரே கட்டையாக இணைப்பது, நான்கு மூலையிலும் ஸ்பிரிங் பட்டை. இந்திரா நகர் வேகத்தடையில் ஏறி இறங்கினால் பின்சீட்டில் உட்கார்ந்த மாமியார் ஒரு நொடி அந்தரத்தில் இருப்பார். 2023 ஜூனில் மாருதியின் ஜிம்னி வந்தபோது மாமியாரையும் கூட்டிக்கொண்டே டெஸ்ட் டிரைவ் போனேன். வேகத்தடை தாண்டியதும் "வண்டி வித்துடலாம்" என்றார். என் வண்டியைச் சொன்னார்.

நான் குனிந்து அடியில் பார்த்தேன். காயில் ஸ்பிரிங், ஆனால் ஆக்ஸில் அதே ரிஜிட்தான், முன்னும் பின்னும். ஏணி மாதிரி லேடர் சேசிஸ். கியருக்குப் பக்கத்தில் ஃபோர் பை ஃபோர் போட, அதாவது நான்கு சக்கரத்தையும் இழுக்க வைக்க, இரண்டாவது லீவர். சந்தோஷம். ஐந்து கதவு மட்டும் எனக்கு ஒட்டவில்லை. மூன்று கதவு ஜிம்னியும் குர்கானில் செய்து ஏற்றுமதிக்குப் போகிறது, நாம் யூடியூபில் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஜிப்சியை விற்கவில்லை. மாமியார் ஆட்டோவில் வருகிறார்.

சாப்பர் மகள் (ஜீவன்பீமா நகர்):

என் அப்பா ராணுவப் பொறியாளர் படையான மெட்ராஸ் சாப்பர்ஸில் டிரைவராக இருந்தவர். படையில் அவர்களைத் தம்பிகள் என்றே கூப்பிடுவார்கள், அப்பாவுக்கு இப்போது 78 வயது, இன்னும் தம்பிதான். அவர் ஜீப்பைப் பற்றி அதிகம் பேச மாட்டார். அவருக்கு ஜோங்காதான். பெயர் ஏதோ ஆப்பிரிக்க விலங்கு மாதிரி இருக்கும். ஜபல்பூர் ஆர்ட்னன்ஸ் அண்ட் கன் கேரேஜ் அசெம்பிளி என்பதன் சுருக்கம் அது. நிசான் பேட்ரோல் வண்டியை உரிமம் வாங்கி ஜபல்பூரில் செய்தார்கள். ஏறக்குறைய நான்கு லிட்டர், ஆறு சிலிண்டர் பெட்ரோல். "டேங்க்ல ஓட்டை இருக்குன்னு நெனச்சு ரெண்டு தடவ கீழ குனிஞ்சு பார்த்திருக்கேன்" என்பார்.

போன வருடம் நந்தி மலை அடிவாரத்தில் பழைய வண்டிக்காரர்கள் கூடினார்கள். என் கணவரின் நண்பர் அழைத்ததால் அப்பாவையும் கூட்டிப்போனோம். ஒரு ஜோங்கா நின்றது. ஏலத்தில் எடுத்து, பளபளவென்று ஆலிவ் பச்சை அடித்து, உள்ளே தோல் சீட், பெரிய ஸ்பீக்கர். அப்பா சுற்றி வந்தார், ஒன்றும் சொல்லவில்லை. உரிமையாளர் நல்ல பையன், சாவியை நீட்டினான். அப்பா டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து வண்டியைக் கிளப்பினார். கண் முன்னால் சாலையில் இருக்கிறது, கை தானாகக் கீழே போய் கியர் லீவரைத் தொட்டது. முப்பது வருடத்துக்கும் மேல் ஆகிவிட்டது அவர் அதைத் தொட்டு. கிளட்சை இரண்டு முறை மிதித்து, நடுவில் ஒரு சின்ன ஆக்ஸிலரேட்டர் கொடுத்து, முதல் கியருக்கு இறக்கினார். ஒரு சத்தம் வரவில்லை. அந்தப் பையன், "அங்கிள், நான் போட்டா கரகரன்னு கத்துமே" என்றான். அரை மணி நேரம் அவனுக்குப் பாடம் நடந்தது. எனக்கு இட்லி ஆறிப் போனது.

திரும்பி வரும்போது தோல் சீட் பற்றிக் கேட்டேன். "சீட்டு கிடக்கட்டும். வண்டியில டூல் கிட் இல்ல. அத கவனிச்சியா?" என்றார்.

இன்னொன்று. என் தம்பி மஹிந்திராவின் தார் ராக்ஸ் வாங்கினான், ஐந்து கதவு, ஃபோர் பை ஃபோர். அப்பாவை முன்சீட்டில் ஏற்றினான். அவர் கை மறுபடியும் கீழே போய் ஃபோர் பை ஃபோர் லீவரைத் தேடியது. லீவர் இல்லை, சுவிட்ச். "இத அமுக்குனா உள்ள யாரு மாத்துறா?" என்றார். மோட்டார் மாற்றும் என்றான் தம்பி. "அது மாத்தலன்னா?" தம்பியிடம் பதில் இல்லை. சித்தப்பா பையனிடம் மூன்று கதவுத் தார் இருக்கிறது, அதில் லீவர் உண்டு. அதில் அப்பா ஒன்றும் கேட்கவில்லை, ஜன்னலைத் திறந்து கையை வெளியே வைத்துக்கொண்டார்.

ஹைபானெட் சாரின் கேள்வியை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். "எந்த என்ஜினுக்கு அவங்க ஊர்ல ஆள் இருக்கோ அதப் போடச் சொல்லு" என்றார். மேற்கொண்டு கேட்டால் தூங்கிவிட்டார்.

லோரேஞ்ச் (எலக்ட்ரானிக் சிட்டி):

சாப்பர் மகள் அக்கா, உங்கள் அப்பா கேட்ட கேள்வி எங்கள் மீட்டிங்கில் யாரும் கேட்காத கேள்வி. நான் வண்டி வடிவமைப்பு சம்பந்தப்பட்ட வேலையில் இருக்கிறேன், நிறுவனத்தின் பெயர் வேண்டாம். வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவருக்காக இரண்டு மாதம் நாங்கள் செய்த வேலை இது: ஒரு சுவிட்ச் எவ்வளவு அழுத்தத்தில் 'டக்' என்று விழ வேண்டும் என்று தீர்மானிப்பது. பழைய வண்டியின் லீவர் மாதிரி உணர்வு வர வேண்டுமாம். ஒயிட்ஃபீல்டில் ஒருவரிடம் பழைய ஜீப் ஒன்றை ஒரு நாள் இரவல் வாங்கி, லீவரில் தராசு கட்டி இழுத்து அளந்தோம். அந்த லீவர் ஒவ்வொரு முறையும் வேறு எண் காட்டியது. வெயில் ஏறினால் ஒன்று, காலையில் ஒன்று. எக்ஸெல் தாளில் எதை எழுதுவது?

ஆனாலும் எல்லாப் பழியையும் புது வண்டி மேல் போடாதீர்கள். மோதல் பரிசோதனை, புகை விதி இரண்டையும் தாண்டித்தான் இன்று எந்த வண்டியும் கடைக்கு வர முடியும். பழைய சிஜே நேருக்கு நேர் மோதினால் ஸ்டியரிங் தண்டு நெஞ்சுக்கு வரும், அதையும் மரபு என்று காப்பாற்ற வேண்டுமா? 2020 தார் குளோபல் என்கேப் சோதனையில் நான்கு நட்சத்திரம் வாங்கியது. என் மனைவியையும் குழந்தையையும் நான் எதில் ஏற்றுவேன் என்பதில் எனக்குக் குழப்பம் இல்லை.

பழைய பெயரை மீட்பவர்கள் ஆளுக்கு ஒன்றைப் பிடித்துக்கொள்கிறார்கள். லேண்ட் ரோவர் 2019இல் புது டிஃபெண்டரைக் காட்டியபோது லேடர் சேசிஸையும் ரிஜிட் ஆக்ஸிலையும் விட்டுவிட்டார்கள். நிழலுருவத்தையும் கரடு முரட்டில் போகும் திறனையும் வைத்துக்கொண்டார்கள். 'இது டிஃபெண்டரே இல்லை' என்று சண்டை. கோபப்பட்டவர்களுக்கென்றே செய்த மாதிரி இனியோஸ் கிரனேடியர் வந்தது, லேடர் சேசிஸ், ரிஜிட் ஆக்ஸில் எல்லாம் உண்டு, ஆனால் அந்தப் பெயர் இல்லை. அமெரிக்காவில் ஸ்கௌட் என்று ஒரு வண்டி, டிராக்டர் செய்த இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் கம்பெனி 1960 முதல் 1980 வரை செய்தது. அந்தப் பெயர் கைமாறிக் கைமாறி ஃபோக்ஸ்வாகன் குழுமத்திடம் வந்து, 2024 அக்டோபரில் மின்சார வண்டியாகக் காட்டினார்கள். பேட்டரிக்குத் துணையாக ஜெனரேட்டர் வேண்டுமென்றால் அதுவும் உண்டு, அதற்குப் பெயர் ஹார்வெஸ்டர். எனக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் பிடித்தும் இருந்தது.

முகத்துக்கே வழக்கு நடந்ததும் தெரிந்திருக்கும். யுத்த ஜீப்பின் முன்பக்க கிரில்லில் ஒன்பது பிளவு, 1945இன் சிவிலியன் சிஜே-2ஏவில் பெரிய விளக்குகள் வைத்ததில் அது ஏழானது. மஹிந்திரா 1947இலிருந்தே வில்லிஸ் வண்டிகளோடு உறவு வைத்த கம்பெனி. 1949இல் மும்பை மஸ்கானில் ஜீப் கூட்டினார்கள். அதே மஹிந்திரா 2018இல் ராக்ஸர் என்ற ஜீப் மாதிரி வண்டியை அமெரிக்காவில் விற்கப் போனபோது, ஜீப் பெயரை வைத்திருந்த கம்பெனி 'எங்கள் முகத்தைப் போட்டிருக்கிறார்கள்' என்று அங்குள்ள வர்த்தக ஆணையத்துக்குப் போனது. 2020இல் பழைய முகத்துக்குத் தடை வந்தது, மாற்றிய முகம் தப்பியது. ஒரே பாட்டிக்குப் பிறந்த இரண்டு வீடு மூக்குத்திக்காக கோர்ட்டுக்குப் போன மாதிரி.

மழைக்கோட் (ஃப்ரேசர் டவுன்):

நான் வண்டி வைத்திருப்பவன் இல்லை, ஏறிப் போனவன். டார்ஜிலிங் பக்கம் மானேபஞ்சாங்கிலிருந்து 3636 மீட்டர் உயரத்தில் இருக்கும் சந்தக்பூவுக்கு ஏறினோம், லேண்ட் ரோவரில். ஆங்கிலேயர் தேயிலைத் தோட்டக் காலத்து வண்டி. டிரைவர் பானெட்டைத் திறந்து காட்டினார், உள்ளே மஹிந்திரா டீசல் என்ஜின். "இங்கிலீஷ்காரன் உடம்பு, நம்ம ஊரு வயிறு" என்கிற அர்த்தத்தில் இந்தியில் ஏதோ சொன்னார். வழியில் ஒரு இடத்தில் நின்றுபோனது. ஒரு ஸ்பேனர், ஒரு துண்டுக் கம்பி, பத்து நிமிடம். எங்களுக்குப் பின்னால் வந்தவரும் இறங்கி வந்து பிடித்துக்கொடுத்தார். அந்த வண்டியை யாரும் போலி என்று சொல்ல நான் விட மாட்டேன்.

ஹைபானெட் (ஹலசூரு):

எல்லாருக்கும் நன்றி. சாப்பர் மகள் அப்பாவுக்கு என் வணக்கம்.

அவர் சொன்னதை வைத்து ஒரு வேலை செய்தேன். சனிக்கிழமை சிவாஜி நகரிலும் ஜே.சி. ரோட்டிலும் நடந்து, "ஹரிகேன் என்ஜின் பிரிக்கத் தெரியுமா?" என்று கேட்டேன். தெரியும் என்றவர்கள் இரண்டே பேர். ஒருவர் பாய், வயது 66. இன்னொருவர் பாயின் மச்சான், கண் ஆபரேஷன் முடிந்து வீட்டில் இருக்கிறார். பூஷோவுக்குக் கேட்டால் நாசில், பம்ப், ரிங் செட் எல்லாம் எங்கே கிடைக்கும் என்று டீக்கடைக்காரர்கூடச் சொல்கிறார்.

அதனால் டீசல் வண்டியிலேயே இருக்கட்டும் என்று முடிவு. எஸ்டேட்காரர் வருடக்கணக்கில் அதில்தான் மிளகு ஏற்றினார், அதைப் பிடுங்கி எறிய எனக்கு என்ன உரிமை? வின்டேஜ் நம்பர் போனால் போகட்டும். ஆனால் ஹரிகேனை விற்கவில்லை. பாயிடம் பேசிவிட்டேன். ஞாயிறுதோறும் காலை எட்டு முதல் பதினொன்று வரை என் வீட்டு போர்டிகோவில் அதைப் பிரித்துப் பூட்டப் போகிறோம். ஸ்டாண்டு வெல்டிங் ஆகிக்கொண்டிருக்கிறது. பாய் பிரிப்பார், நான் பிடிப்பேன், என் அக்கா பையன் போட்டோ எடுத்து ஒவ்வொரு போல்ட்டுக்கும் நம்பர் போடுவான். பூட்டி, ஸ்டாண்டிலேயே ஓட்டிப் பார்த்துவிட்டு, திரும்பவும் பிரித்து இன்னொருவரைப் பூட்டச் சொல்வோம்.

பாய்க்குச் சம்பளம் பேசினேன், கோபித்துக்கொண்டார். டீயும் பன் பட்டரும் என்று முடிந்தது. ஜிப்சி கிங் தம்பி, லோரேஞ்ச் சார், வர விருப்பம் இருந்தால் தனிச் செய்தி அனுப்புங்கள். நான்கு பேருக்கு மேல் இடம் இல்லை. பழைய சட்டை போட்டு வாருங்கள். யாரிடமாவது ஹரிகேன் ஹெட் கேஸ்கெட் சும்மா கிடந்தால் எடுத்து வாருங்கள், முதல் ஞாயிறு அது இல்லாமல்தான் தொடங்கப் போகிறோம்.