ஒரு வாரம் ஆல்-இன்க்ளூசிவ் கடற்கரை விடுதி: பிந்தானா, மாலத்தீவா?

பிடோக்வாசி:
வணக்கம். நானும் மனைவியும் பணி ஓய்வு பெற்றவர்கள். வயது 69, 65. டிசம்பர் நடுவில் 7 இரவு, சாப்பாடு, பானம் எல்லாம் சேர்ந்த கட்டணத்தில் கடலோர விடுதி ஒன்றில் தங்க எண்ணம். எனக்குச் சர்க்கரை, மாத்திரையும் இரவில் இன்சுலினும் உண்டு. மனைவிக்கு இரத்த அழுத்தம், முழங்கால் வலி. அவர் சுத்த சைவம், மது தொடமாட்டார். இந்தோனேசியாவின் பிந்தான் தீவுக்குச் சிங்கப்பூரிலிருந்து ஃபெர்ரியில் ஒரு மணி நேரம்தான் என்பதால் அதுவே தோது என்று தோன்றுகிறது. பிள்ளைகளோ மாலத்தீவு என்கிறார்கள். எது நல்லது? எல்லாம் சேர்ந்த கட்டணம் என்றால் அதற்கு மேல் ஒரு காசும் கொடுக்க வேண்டாமா?

கடலோடி:
ஐயா, முதலில் மாதத்தை முடிவு செய்யுங்கள், ஊரை அப்புறம் பார்க்கலாம். பிந்தானின் பெரிய விடுதிகள் பெரும்பாலும் வடக்குக் கரையில், தென்சீனக் கடலைப் பார்த்தபடி இருக்கின்றன. வடகிழக்குப் பருவக்காற்று நவம்பரிலிருந்தே அந்தக் கரையில் நேராக வந்து மோதும். டிசம்பர், ஜனவரியில் அலை உயர்ந்து, தண்ணீர் கலங்கி, சிவப்புக் கொடி ஏறிவிடும். கயாக், பாய்மரப் படகு எல்லாம் கட்டணத்தில் அடங்கும், ஆனால் தண்ணீரில் இறங்க விடமாட்டார்கள். ஃபெர்ரியும் நன்றாக ஆட்டும். மலேசியக் கிழக்குக் கரையில் செராத்திங், தியோமான் பக்கமும் அதே நிலைதான்.

மாலத்தீவுக்கு அதே காற்று வறண்ட காலத்தைக் கொண்டுவரும். ஜனவரி முதல் ஏப்ரல் வரை அங்கே கடல் அமைதி. டிசம்பர் நடுவில் மழை முழுதாக விட்டிருக்காது, விலையோ உச்சத்தில் இருக்கும். ஓய்வு பெற்றவர்களுக்குப் பள்ளி விடுமுறையைப் பார்க்க வேண்டிய கட்டாயம் இல்லையே! ஜனவரி நடுவுக்குத் தள்ளினால் மாலத்தீவு. ஏப்ரலுக்குப் பிறகு என்றால் பிந்தான். டிசம்பரில்தான் போவேன் என்றால் பிந்தானை மட்டும் வேண்டாம் என்பேன்.

செங்காங் கணக்கு:
காசு விஷயத்துக்கு வருகிறேன். மாலத்தீவு விடுதி விலைக்குப் பக்கத்தில் ++ என்று போட்டிருந்தால், 10 விழுக்காடு சேவைக் கட்டணமும் அதற்கு மேல் 17 விழுக்காடு சுற்றுலா ஜிஎஸ்டியும் இன்னும் சேரவில்லை என்று அர்த்தம். (2025 ஜூலைக்கு முன் அந்த வரி 16 விழுக்காடு, பழைய பதிவுகளை நம்பாதீர்கள்.) இரண்டையும் கூட்டி 27 என்று போடக்கூடாது. சேவைக் கட்டணம் சேர்ந்த தொகைக்குத்தான் வரி. 3,000 அமெரிக்க டாலர் முதலில் 3,300 ஆகும், பிறகு 3,861. பசுமை வரி தனி: பெரிய விடுதிகளில் ஆளுக்கு ஓர் இரவுக்கு 12 டாலர், இருவருக்கு 7 இரவுக்கு 168. ஆக 4,029. படகு அல்லது கடல் விமானக் கட்டணம் இன்னும் இதில் வரவில்லை. ஆகவே ‘வரி, சேவை, பசுமை வரி, மாலே விமான நிலையத்திலிருந்து போக வர எல்லாம் சேர்த்து இருவருக்கு எவ்வளவு?’ என்று ஒரே கேள்வியாகக் கேட்டு, ஒரே எண்ணை மின்னஞ்சலில் எழுதி வாங்குங்கள்.

சேராதவை விடுதிக்கு விடுதி மாறும். வழக்கமாக ஸ்பா, ஜெட்ஸ்கி போன்ற மோட்டார் விளையாட்டு, வெளிச்சுற்றுலா, உயர்ரக மது, சலவை, பஃபே தவிர்த்த தனி உணவகங்கள் இவற்றுக்குத் தனிக் காசு. அறையிலுள்ள மினிபாருக்குச் சில இடங்களில் காசு, சில இடங்களில் இல்லை. இளநீரும் அங்கேயே பிழிந்த பழச்சாறும் பல திட்டங்களில் கிடையாது. பெட்டியிலிருந்து ஊற்றும் சாறுதான் இலவசம். மது குடிக்காத அம்மாவுக்கு இதுதான் முக்கியம், கேட்டு வையுங்கள்.

ஒருவருக்கு ஆல்-இன்க்ளூசிவ், மற்றவருக்குச் சாப்பாடு மட்டும் என்று பிரிக்கப் பெரும்பாலும் விடமாட்டார்கள். ஓர் அறைக்கு ஒரே திட்டம். நீங்களும் நாளுக்கு ஒரு பீர்தான் என்றால், மூன்று வேளைச் சாப்பாடு மட்டும் உள்ள திட்டத்தின் விலையையும் வாங்கி ஒப்பிடுங்கள். அதில் குடிநீர், டீ, காப்பி உண்டா என்று பார்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் மிச்சம் பிடித்தது தண்ணீருக்கே போய்விடும். டிசம்பர் 24, 31 இரவுகளில் தங்கினால் பல விடுதிகள் விருந்துக் கட்டணத்தைக் கட்டாயமாக வசூலிக்கும்.

மருந்துப்பெட்டி:
சர்க்கரை பற்றி ஐயா எழுதியதால் சொல்கிறேன். விடுதி அறைகள் பலவற்றில் சாவி அட்டையைச் செருகினால்தான் மின்சாரம். வெளியே போகும்போது அட்டையை எடுத்தால் குளிர்பெட்டியும் சேர்ந்து அணையும். சில மினிபார்கள் பின்சுவரில் பனிக்கட்டி கட்டும் அளவுக்குக் குளிரும். உறைந்த இன்சுலினை உருகவைத்தும் பயன்படுத்தக் கூடாது. திறக்காத இன்சுலின் ஊசிப் பேனாக்களுக்கு 2 முதல் 8 டிகிரி தேவை. அவற்றை விடுதி மருந்தகக் குளிர்பெட்டியில் வைக்கச் சொல்லுங்கள். திறந்த பேனா பொதுவாக 30 டிகிரிக்குள் நான்கு வாரம் தாங்கும் (உங்கள் வகைக்கு எத்தனை நாள் என்று உறையில் இருக்கும்), ஆனால் கடற்கரைப் பையில் வெயிலில் கிடந்தால் போச்சு. விமானத்தில் எல்லா மருந்தும் கைப்பையில், மூலப் பொட்டலத்தோடு. ஹெல்த்ஹப் (சிங்கப்பூர் அரசின் சுகாதார இணையத்தளம்) காட்டும் மருந்துப் பட்டியலையும் பாலிகிளினிக் மருத்துவரின் கடிதத்தையும் அச்சடித்துக்கொள்ளுங்கள். மாலத்தீவு நம்மைவிட 3 மணி நேரம் பின்னால். இரவு இன்சுலினை எந்த நேரத்துக்குப் போடுவது என்று புறப்படும் முன் மருத்துவரிடம் கேளுங்கள்.

கிளிபிசைடு, கிளிக்ளசைடு வகை மாத்திரை எடுப்பவர் வெறும் வயிற்றில் பீர் குடித்தால் சர்க்கரை சட்டென்று இறங்கும். நீச்சலுக்குப் பிறகு இறங்கினால் களைப்பு என்று நினைத்துப் படுத்துவிடுவார்கள், அதுதான் ஆபத்து. குளுக்கோஸ் மிட்டாய் கையில் இருக்கட்டும். இன்னொன்று கால். உணர்ச்சி குறைந்த பாதத்துக்கு மதிய மணலின் சூடு தெரியாது, பவளக்கல் கிழித்ததும் தெரியாது. தண்ணீரில் இறங்கும்போதும் ரப்பர் காலணி போடுங்கள், மாலையில் விரலிடுக்கு உட்பட இரு பாதத்தையும் பாருங்கள். அம்மா நீர் பிரியும் வகை இரத்த அழுத்த மாத்திரை எடுத்தால், வெயிலில் தண்ணீர் குறையும்போது எழுந்தவுடன் தலை சுற்றும்.

சிங்கப்பூரின் அடிப்படை மருத்துவக் காப்புறுதியான மெடிஷீல்டு லைஃப் வெளிநாட்டுச் சிகிச்சைக்கு உதவாது. பயணக் காப்புறுதியை அறை பதிவு செய்த அன்றே வாங்குங்கள். புறப்படும் முன் உடம்புக்கு முடியாமல் ரத்து செய்தால் அப்போதுதான் பயன்படும். ஏற்கெனவே உள்ள நோய்க்கும், அவசரமாகத் தூக்கிவரும் செலவுக்கும் பாதுகாப்பு உண்டா என்று பாருங்கள். 70 வயதைத் தாண்டினால் பல திட்டங்களில் தொகை குறையும். நீங்கள் 69 என்பதால் புறப்படும் தேதியில் என்ன வயது என்றும் கணக்குப் பாருங்கள்.

பிடோக்வாசி:
எல்லோருக்கும் நன்றி. ஜனவரிக்கு மாற்றிவிடுகிறோம், மாலத்தீவுதான். கடல் விமானமா, படகா? சைவத்துக்கு என்ன சொல்லி வைக்க வேண்டும்?

கடலோடி:
முழங்கால் வலிக்கு வேகப்படகு எட்டும் தீவாகத் தேர்ந்தெடுங்கள். கடல் விமானம் பகல் வெளிச்சத்தில் மட்டுமே பறக்கும். சிங்கப்பூரிலிருந்து மாலைப் புறப்பாட்டில் போனால் இரவில் இறங்கி, மாலே பக்கம் ஓர் இரவு தனியாகத் தங்க வேண்டிவரும். பயணப்பை 20 கிலோ, கைப்பை 5 கிலோ, மிஞ்சினால் காசு. ஏறும் படியும் குறுகல். தண்ணீர் மேல் கட்டிய வில்லாவில் கடலுக்கு இறங்குவது செங்குத்தான ஏணியில், அதனால் கரையோர அறை, குளியல்தொட்டி இல்லாத ஷவர், உணவகத்துக்கு அருகில் என்று கேளுங்கள்.

சைவக்கரண்டி:
‘வெஜிடேரியன்’ என்று மட்டும் எழுதினால் முட்டையும் மீன் சாஸும் வந்து நிற்கும். இறைச்சி, மீன், முட்டை, மீன் சாஸ், பிளாச்சான் (இறால் விழுது), கோழிச் சாறு எதுவும் கூடாது என்று பெயர் பெயராக எழுதி ஒரு வாரம் முன்னே அனுப்புங்கள். மாலத்தீவுச் சமையலில் மாசிக்கருவாடு சம்பலிலும் சில காய்கறிக் கூட்டிலும் தூளாகக் கலந்திருக்கும், கண்ணுக்குத் தெரியாது. போய் இறங்கிய முதல் நாளே தலைமைச் சமையல்காரரைப் பாருங்கள். இந்திய, இலங்கைச் சமையல்காரர்கள் பல விடுதிகளில் உண்டு, கேட்டால் பருப்பும் ரசமும் தனியாகச் செய்து தருவார்கள்.

பூசைக்குச் சிறு விக்கிரகம் எடுத்துப்போகும் வழக்கம் இருந்தால் வீட்டிலேயே வைத்துவிடுங்கள். வழிபாட்டுச் சிலைகளையும் மதுவையும் மாலத்தீவுச் சுங்கத்தில் அனுமதிக்கமாட்டார்கள்.