ஒற்றைப் போட்டனுக்கு லேசரை மங்கலாக்கினால் போதாதா?

நிலாவெளியான்:
எம்.பில் ப்ரொபோசல் எழுதவென்று திருகோணமலைக்கு வீட்டுக்கு வந்திருக்கிறேன். தலைப்பு, குவாண்டம் தொடர்பாடலுக்கான ஒற்றைப் போட்டன் ஒளிமுதல், அதாவது இரகசியச் சாவி பகிர்வது போன்ற வேலைகளுக்கு ஒளித்துகளை (போட்டனை) ஒவ்வொன்றாக விடுகிற மூலம். வாசிக்கிற கட்டுரையெல்லாம் குவாண்டம் டொட்டை (போட்டனை ஒவ்வொன்றாக விடக்கூடிய நுண்ணிய குறைகடத்தித் துணுக்கை) 4 கெல்வின் அளவுக்குக் குளிரவைக்கச் சொல்கிறது, எங்கள் லேபில் ஏசி ஒழுங்காக ஓடினாலே பெரிய விஷயம். லேசரை நன்றாகத் தணித்து, துடிப்புக்குச் சராசரி 0.1 போட்டன் என்று அனுப்பினால் சரிவராதா?

உப்புவெளி அக்கா:
தம்பி, 0.1 வெறும் சராசரிதான். பொய்சன் கணக்கு (சராசரியை வைத்து எத்தனை வரும் என்ற நிகழ்தகவைக் காணும் சூத்திரம்) போட்டுப் பாருங்கள்: ஏறக்குறைய 90 வீதத் துடிப்புகள் வெறுமையாகப் போகும், 9 வீதத்தில் ஒன்று இருக்கும், அரை வீதத்துக்குச் சற்றுக் குறைவானவற்றில் இரண்டோ கூடவோ. அந்த அரை வீதம்தான் வில்லங்கம். சாவியை ஒட்டுக்கேட்பவன் இரண்டு போட்டன்களில் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுவான், பிழைவீதம் ஏறவே ஏறாது. தனியாக வருகிற போட்டன்களை அவன் மறித்தாலும் உங்களுக்குத் தெரியாது, ஏனென்றால் 1550 நானோமீற்றரில் கிலோமீற்றருக்கு 0.2 டெசிபெல் இழப்பு, 50 கிலோமீற்றர் பைபரில் பத்தில் ஒன்றுதான் எப்படியும் மிஞ்சும்.

கோணேசர்மலைக் காற்று:
அக்கா சொல்வது சரி, ஆனால் கதை அங்கே முடியவில்லை. 2003இல் ஹ்வாங் என்ற ஆய்வாளர் டெகோய் (ஏமாற்றுத் துடிப்பு) முறையைச் சொன்னார்: துடிப்புகளின் பிரகாசத்தை எழுந்தமானமாக மாற்றி அனுப்பினால், அவன் எதை மறிக்கிறான் எதை விடுகிறான் என்பது எண்ணிக்கையிலேயே அம்பலமாகிவிடும். 2016இல் சீனா ஏவிய மிசியஸ் செய்மதி அப்படித் தணித்த லேசரை வைத்துத்தான் 1200 கிலோமீற்றர் வரை சாவி பகிர்ந்தது. ஆகவே ப்ரொபோசலில் "சாவிப் பகிர்வுக்கு அவசியம்" என்று மட்டும் எழுதினால் வைவாவில் மாட்டுவீர்கள். இரண்டு போட்டன்கள் அச்சொட்டாக ஒரேமாதிரி இருந்து அலைகளைப்போல ஒன்றோடொன்று தலையிட வேண்டிய வேலைகளைக் காரணம் காட்டுங்கள்.

நிலாவெளியான்:
சரி அண்ணா, அப்போ அறை வெப்பநிலையில் என்னதான் செய்யலாம்?

கோணேசர்மலைக் காற்று:
பிபிஓ பளிங்கு, ஒரு போட்டனை இரண்டாகப் பிளக்கக்கூடியது. 405 நானோமீற்றர் லேசரை விட்டால் இடைக்கிடை 810 நானோமீற்றர் போட்டன் சோடி வரும், ஒன்றைப் பிடித்தால் மற்றது இருக்கிறது என்று தெரியும். சிலிக்கன் டிடெக்டருக்கு 810 நன்றாகவே தெரியும், காசு முக்கால்வாசி அதற்குத்தான் போகும். நினைத்த நேரத்துக்குப் போட்டன் வராது, அது இதன் குறை. அப்புறம் ஒளிபிரிப்பான் வைத்து ஜி2 பூச்சியத்தை (ஒரே நேரத்தில் இரண்டு போட்டன்கள் எவ்வளவுக்கு வருகின்றன என்ற அளவை) அளந்து 0.5க்குக் கீழே காட்டுங்கள். லேசர் வலுவைக் கூட்டினால் சோடிகள் ஒன்றோடொன்று கலந்து அந்தப் பெறுமானம் மேலே ஏறும், அந்த வரைபை ஒழுங்காக எடுத்தாலே ஒரு அத்தியாயம் நிரம்பிவிடும்.