ஆச்சி சொல்லித் தெரிந்த எங்கள் குடும்ப வரலாறு

எங்கள் குடும்பம் இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்துத் தோவாளைத் தாலுகாவில், பூதப்பாண்டிப் பக்கம். கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகமும் நெல் விளைவித்த வேளாளர் வீடு. 1906-இல் பேச்சிப்பாறை அணை வந்து கால்வாயில் தண்ணீர் ஓடிய பிறகுதான் நெல் போடும் பத்தாயம் நிறைந்தது என்று பாட்டா சொல்வார்.

வீட்டில் ஒரு வம்சாவளித் தாள் இருக்கிறது. தகப்பன், மகன், பேரன் என்று நேராக இறங்கும். பெண் பெயர் ஒன்றுகூடக் கிடையாது. அதை எடுத்துக்கொண்டு, தொண்ணூறைத் தாண்டிய ஒன்றுவிட்ட ஆச்சி ஒருவரைப் பார்க்கப் போனேன். அவர் தாளைக் கையிலேயே வாங்கவில்லை.

"ஆம்பளைப் பேரை அடுக்கினா குடும்பம் வந்திருமா மக்கா? எந்த வீட்டுப் பொம்பளைக்குப் பொறந்தவன்னு கேளு."

ஆச்சி சொன்னதுதான் நியாயம். தோவாளை, அகஸ்தீஸ்வரம் பகுதிதான் நாஞ்சில் நாடு. இந்த நாஞ்சில் நாட்டு வேளாளரிடம் அன்று மருமக்கள் வழி. சொத்து சகோதரியின் பிள்ளைகளுக்குப் போகும், தாய்வழியில் மூத்த ஆணான காரணவர்தான் நிர்வாகம். ஆனால் மனைவியும் மக்களும் இருந்தது கணவன் வீட்டில். அப்பாவோடு சேர்ந்து வயலில் இறங்கி உழைத்த பிள்ளைக்கு அந்த வயலில் உரிமை இல்லை.

ஆச்சியின் அம்மா சிறுமியாக இருந்தபோது அவருடைய அப்பா இறந்துவிட்டார். அடியந்திரம் என்கிற கருமாதிச் சடங்கு முடிந்த கையோடு, இறந்தவரின் சகோதரி மகனான மருமகன் வந்து பத்தாயத்துச் சாவியைக் கேட்டாராம். விதவைக்கும் பிள்ளைகளுக்கும் உகந்துடைமை என்று சிறு பங்குதான். மாடு உள்பட எல்லாம் அந்தப் பக்கம் போனது. அம்மா சொல்லக் கேட்டதுதான் என்றாலும், ஆச்சிக்குச் சொல்லும்போது குரல் நடுங்கியது. அந்த மருமகன் எங்கள் பாட்டாவின் காரணவர். இந்த விஷயத்தை எங்கள் வீட்டில் யாரும் பேசி நான் கேட்டதில்லை. கேட்டிருக்க வேண்டிய விஷயம் இது.

1926-இல் திருவிதாங்கூரில் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் வந்தது. அப்புறம்தான் குடும்பச் சொத்தைப் பாகம் வைக்க முடிந்தது. எங்கள் பாகபத்திரம் அதற்குப் பிந்தியது. இன்னார் மகன் என்று தேடினால் அதில் பாதிப் பேரைக் கண்டுபிடிக்க முடியாது. ஆச்சி சொன்ன பெண்கள் பெயர்களை வைத்துப் படித்தபோது ஒவ்வொரு பங்குக்கும் ஆள் கிடைத்தது. சகோதரிகள் மூன்று பேர், அவர்கள் வழியில் மூன்று கிளை. அதில் ஒரு கிளையைப் பற்றி எங்கள் தாளில் ஒரு வரிகூட இல்லை.

பழைய பத்திரம் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அதில் இருப்பது திருவிதாங்கூரில் வழங்கிய கொல்லம் ஆண்டு. ஆங்கில ஆண்டு தெரிய வேண்டுமானால், ஆவணி முதல் மார்கழிப் பாதி வரை 824 கூட்டுங்கள், மற்ற மாதங்களுக்கு 825. பெண்கள் பெயர் வரும் இடங்களை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். வீட்டில் வயதான ஆச்சிமார் இருந்தால் இந்த வாரமே போய் உட்காருங்கள். அகஸ்தீஸ்வரம் பக்கம் உகந்துடைமை எழுதிய பத்திரம் யாரிடமாவது இருந்தால், அதில் என்னென்ன கொடுத்தார்கள் என்று அவசியம் எழுதுங்கள்.